கன்ட்ரோல் சார்ட்டில் கோடு போடும் இடத்திலேயே நடக்கும் தவறுகள்

தினம் எத்தனை சதவீதம் பீஸ் கழிகிறது என்பதைப் புள்ளியாக வைத்து, மேலும் கீழும் சிவப்பில் எல்லைக் கோடு போட்ட வரைபடம்தான் கன்ட்ரோல் சார்ட். கோவையில் குறிச்சி, அரசூர்ப் பக்கம் பம்ப் பாகங்கள் வார்க்கும் பவுண்டரிகளில் நான் பார்த்த பல கன்ட்ரோல் சார்ட்டுகளில் சிவப்புக் கோடு இருக்கும் இடமே தப்பு. கஸ்டமர் 5 சதவீதத்துக்கு மேல் ரிஜெக்ஷன் இருக்கக்கூடாது என்றிருப்பார், அங்கேயே கோட்டைப் போட்டுவிடுவார்கள். அது அவருடைய எதிர்பார்ப்பு. கன்ட்ரோல் சார்ட்டின் எல்லை நம் பட்டறையின் கணக்கிலிருந்துதான் வரவேண்டும். 1924இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வால்டர் ஷூவார்ட் இதை முதலில் வரைந்ததே, எது வழக்கமான ஏற்ற இறக்கம், எது புதிதாக வந்த கோளாறு என்று பிரித்துப் பார்க்கத்தான்.

கணக்கைப் பார்ப்போம். தினம் 200 பீஸ், 25 நாளில் 5000. அதில் 250 கழிந்தால் சராசரி 5 சதவீதம். சிக்மா என்பது வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு. சராசரிக்கு மேலும் கீழும் மூன்று சிக்மா போட்டால் மேல் எல்லை சுமார் 9.6, கீழ் எல்லை 0.4. ஒருநாள் 15 பீஸ் கழிகிறது, அதாவது 7.5 சதவீதம். எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் முதலாளி சத்தம் போடுகிறார். "ஏனுங்கண்ணா, மணல்ல தண்ணியக் கொஞ்சம் கொறைச்சுப் பாருங்க" என்று சூப்பர்வைசர் மிக்சர்காரரிடம் சொல்கிறார். மறுநாள் 8 பீஸ்தான் கழிவு. தண்ணீரைக் குறைத்ததால்தான் சரியாச்சு என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். கைவைக்காமல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். இப்படித் தினம் திருகினால் நன்றாக ஓடிய மணலும் கெட்டு, ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். இருப்பதிலேயே பெரிய சேதம் இதுதான். சராசரி 5 என்பதே அதிகம் என்றால், ஒருநாள் புள்ளியைத் துரத்தாமல் மணல், கோர் (வார்ப்புக்குள் வெற்றிடம் விட வைக்கும் மணல் அச்சு), ஊற்றும் சூடு என்று முறையையே மாற்ற வேண்டும்.

கரண்ட் இல்லாத நாளில் 50 பீஸ்தான் ஓடியது, 6 கழிந்தது என்றால் 12 சதவீதம். பழைய கோட்டோடு ஒப்பிட்டால் பயமாக இருக்கும். ஆனால் 50 பீஸ் ஓடிய நாளுக்கான மேல் எல்லை 14.2. எண்ணிக்கை மாறினால் எல்லையும் மாறும்.

அப்புறம், கழிந்த பீஸையும் குறையையும் குழப்பக்கூடாது. ஒரு கேசிங்கில் (பம்பின் வெளிக்கூடு) மூன்று காற்று ஓட்டை இருந்தால் கழிவு 1, குறை 3. குறைகளுக்குத் தனி சார்ட். ஒரே அளவு லாட்டில் சராசரி 9 குறை என்றால், 9இன் வர்க்கமூலம் 3, அதன் மூன்று மடங்கு 9. எல்லை 0 முதல் 18 வரை.

இரண்டு மோல்டிங் லைனை ஒரே சார்ட்டில் சேர்க்காதீர்கள், ஒன்றின் கோளாறு மற்றதில் மறைந்துவிடும். புள்ளி கீழ் எல்லைக்கும் கீழே போனால் உடனே சந்தோஷப்படாமல் செக்கிங் டேபிளுக்குப் போய்ப் பாருங்கள், புது ஆள் ஓட்டையைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். எல்லைக்குள்ளேயே இருந்தாலும் எட்டுப் புள்ளி தொடர்ந்து சராசரிக்கு மேலேயே நின்றால் ஏதோ மாறியிருக்கிறது.

கோட்டைத் தாண்டிய புள்ளிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி வையுங்கள்: "புது மணல் லோடு, ஈரம்", "இரவு ஷிப்ட், லேடில் மாற்றினோம்". அதையும் அந்த ஷிப்ட் ஆளே, அன்றைக்கே எழுதவேண்டும். மாசக் கடைசியில் ஆபீசில் உட்கார்ந்து யோசித்தால் ஈர மணல் யாருக்கும் ஞாபகம் வராது.