தகரக் கூரைக்குக் கீழே இத்தாலியப் பேய்கள்

டிசம்பர் லீவில் படம் பார்க்க உட்கார்வதென்றால் முதலில் மழையைப் பாருங்கள். இலங்கை மலையகத்தில் எங்கள் தலவாக்கலைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துத் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்த நேரத்தில் வசனத்தை நம்பி நகரும் படத்தைப் போட்டு ஒலியைக் கூட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. 60களிலிருந்து 80கள் வரை இத்தாலியில் குறைந்த காசில் எடுத்த திகில், அடிதடிப் படங்களைப் போடுங்கள். வசனம் பாதி போனாலும் குடிமுழுகிப் போகாது.

அந்தக் காலத்து இத்தாலியப் படங்களுக்குப் பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒலி பதிவதில்லை. பிறகு ஸ்டூடியோவில் குரல் கொடுத்தார்கள். பல நாட்டு நடிகர்கள் அவரவர் மொழியிலேயே பேசிவிட்டுப் போவதும் உண்டு. அதனால் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். டப்பிங் படம் பார்த்தே வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன? இத்தாலியக் குரலா ஆங்கிலக் குரலா என்று வீட்டில் சண்டை வந்தால், இரண்டுமே டப்பிங்தான் என்று சொல்லிவிட்டு, சப்டைட்டில் இருப்பதைப் போடுங்கள்.

கதையைத் தேடாதீர்கள். காசில்லாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். அதற்கு மரியோ பாவாவிலிருந்து தொடங்குவதுதான் சரி. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநர் ஆனவர். அவர் ஒளிப்பதிவு செய்து 1957இல் வந்த 'இ வம்பீரி' படத்தில் ஓர் அழகியின் முகம் வெட்டே இல்லாமல், ஒரே ஷொட்டில், நம் கண் முன்னால் கிழவி முகமாகிறது. நான் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவள். இந்தக் காட்சியை விஞ்ஞானப் பாடத்துக்கே எடுக்கலாம் என்பேன். சுருக்கங்களைச் சிவப்பு நிறத்தில் முகத்தில் வரைந்து, மேலே சிவப்பு விளக்கு அடித்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் கோடுகள் தெரியாது. விளக்கின் நிறத்தை மெல்ல மாற்றினால் சுருக்கங்கள் கறுப்பாக எழுந்து வரும். அவ்வளவுதான் தந்திரம். வீட்டில் சிவப்புப் பேனாவும் சிவப்புக் கண்ணாடித்தாளும் இருந்தால் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டலாம்.

அடுத்து அவருடைய 'பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்', 1965. ஒரு வேற்றுக்கிரகம் முழுவதையும் சில பிளாஸ்டிக் பாறைகள், கண்ணாடிகள், நிறவிளக்கு, ஏராளமான புகை இவற்றை வைத்தே முடித்துவிட்டார். மூடுபனி எதையெல்லாம் மறைக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் படத்தை இருட்டில்தான் பார்க்க வேண்டும். நிறங்கள்தான் இதில் கதாநாயகன்.

பகலில், வீட்டார் எல்லாரும் இருக்கும்போது, அடிதடியைப் போடுங்கள். என்ஸோ காஸ்டெல்லாரியின் '1990: தி பிரான்க்ஸ் வாரியர்ஸ்' 1982இல் வந்தது. அதற்குச் சற்று முன் அமெரிக்காவில் ஓடிய இரண்டு மூன்று படங்களைக் கலந்து செய்தது என்பது பார்த்தவுடனேயே தெரியும். நியூயோர்க்கிலும் ரோமிலுமாக எடுத்தார்கள். ஆற்றங்கரையில் இரண்டு கும்பல்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. பக்கத்தில் ஒருத்தன் பாட்டுக்கு டிரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறான். ஏன் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. எங்கள் அம்மாயிக்கு அந்த டிரம்ஸ்காரனைத்தான் பிடித்தது. "சண்டைக்கு மேளம் இல்லாம எப்படி, புள்ள?" என்றார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

கொழும்பிலிருந்து வரும் தம்பிக்குப் பொலிஸ் படங்கள்தான் வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபெர்னாண்டோ டி லியோவின் 'மிலானோ கலிப்ரோ 9' (1972) உண்மையிலேயே நல்ல படம், கேலி செய்ய இடமே தராது. மழை இல்லாத மாலையில் சப்டைட்டிலோடு பாருங்கள். ருஜ்ஜேரோ டியோடாட்டோ 1976இல் எடுத்த 'லிவ் லைக் எ காப், டை லைக் எ மேன்' படத்தின் தொடக்கத்தில் நீண்ட மோட்டார் சைக்கிள் துரத்தல் வருகிறது. ரோம் வீதிகளில் அனுமதி வாங்காமலே எடுத்தார்கள். ஆட்கள் பயந்து ஒதுங்குவதைப் பார்க்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துரத்தல் முடிந்த பிறகு படம் அவ்வளவு சுகமில்லை.

இரவுக்கு லூசியோ ஃபுல்சி இயக்கிய படம். 'ஸோம்பி 2' என்று பெயர், ஆனால் அது எதற்கும் இரண்டாம் பாகம் இல்லை. ஜோர்ஜ் ரொமேரோவின் அமெரிக்கப் படம் இத்தாலியில் 'ஸோம்பி' என்ற பெயரில் ஓடியதால், 1979இல் இதற்கு 2 போட்டு வெளியிட்டார்கள். கடலுக்கடியில் ஸோம்பி, அதாவது நடமாடும் பிணம் ஒன்று சுறாவோடு சண்டை போடும். நிஜச் சுறா! கண்ணில் மரச்சிராய் ஏறும் காட்சியும் உண்டு, ஆகவே சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான். சாப்பாட்டையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். டின் மீன் கறி அன்றைக்கு வேண்டவே வேண்டாம்.

நம் நாட்டில் எடுத்த படம் இருக்கிறதாமே என்று யாராவது ஆசையாகக் கேட்பார்கள். இருக்கிறது. செர்ஜியோ மார்ட்டினோவின் 'மவுண்டன் ஆஃப் தி கனிபல் காட்' (1978), உம்பர்ட்டோ லென்ஸியின் 'ஈட்டன் அலைவ்' (1980) இரண்டுக்கும் இலங்கையில் படப்பிடிப்பு நடந்தது. நம் காட்டை நியூகினி என்று காட்டி, அதற்குள் நரமாமிசம் தின்பவர்களையும் வைத்துவிட்டார்கள். அதைச் சிரித்துவிட்டு விடலாம். ஆனால் இந்தக் காட்டுப் படங்களில் விலங்குகளை உண்மையாகவே கொன்று படமாக்கியிருக்கிறார்கள். அதில் தந்திரமும் இல்லை, திறமையும் இல்லை. நான் போடமாட்டேன், உங்களையும் போடச் சொல்லமாட்டேன்.

கரண்ட் விஷயம்: மழையோடு காற்றும் சேர்ந்தால் போய்விடும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. லெப்டொப்பைப் பகலிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துவையுங்கள். எங்கள் காம்பிராவுக்குள் சிக்னல் ஒரு கோடு, இஸ்தோப்பில் இரண்டு; ஒன்லைனில் பார்ப்பதை நம்பி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் பாவாவின் கிரகம் பாதியில் நின்றுவிடும். முறையாக இறக்கிப் பார்க்க வசதி தரும் செயலி என்றால் இரவு டேட்டாவில் இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் இரவிலே ஒரு படம் போதும். இரண்டாவதைத் தொடங்கினால் பாதியில் எல்லாரும் குறட்டை.

லீவின் கடைசி நாட்களுக்கென்று புரூனோ மத்தேயின் படத்தை எடுத்துவையுங்கள். 1980இல் வந்த 'ஹெல் ஆஃப் தி லிவிங் டெட்' நல்ல படமென்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். வேறு படங்களுக்காக கோப்ளின் குழு போட்ட இசையையே எடுத்துப் போட்டிருக்கிறார். காடு வரும் இடங்களில் யாரோ எடுத்த ஆவணப்படத் துண்டுகளை ஒட்டியிருக்கிறார். இதை ஒரு விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். நடிகர்கள் எதையோ பார்த்துத் திடுக்கிடுவார்கள், அடுத்த ஷொட்டில் படத்தின் நிறமும் பிலிமில் தெரியும் பொடிப் புள்ளியும் மாறியிருக்கும். அந்த ஒட்டை முதலில் பார்த்துக் கத்துகிறவருக்கு அன்றைக்குப் பாத்திரம் கழுவும் வேலை இல்லை. எங்கள் வீட்டில் தம்பிதான் ஜெயிக்கிறான், அவனுக்கு அதற்கு மட்டும் கண் கூர்மை.