லண்டனில் எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது? முதலில் வேலைக்குப் போகாதவரைக் கேளுங்கள்

லண்டனுக்கு வந்த முதல் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவி கேட்டாள்: "இந்த ஊரை நீங்க வெளிச்சத்துல பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்புவேன். டிசம்பரில் இங்கே எட்டு மணிக்குத்தான் விடியும். சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், நான் வண்டியை விட்டு இறங்கும்போது மணி ஏழு. சனி, ஞாயிறு தூக்கத்திலேயே கழியும். ஊரைத் தேர்ந்தெடுத்தவன் நான், அதில் இருந்து வாழ்ந்தவர்கள் அவளும் எங்கள் ஒன்றரை வயது மகனும்.

தேர்ந்தெடுத்த லட்சணம் இதுதான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஆபீஸ் முகவரியை மேப்பில் போட்டேன். வாடகை கையைக் கடித்ததும் இன்னும் கொஞ்சம் வெளியே, இன்னும் கொஞ்சம் வெளியே என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் லண்டன் எல்லையைத் தாண்டி வடக்கே ஒரு டவுன் அகப்பட்டது. "லண்டனுக்கு 38 நிமிடம்" என்று விளம்பரம். பொய் இல்லை, ரயில் ஓடும் நேரம் 38 நிமிடம்தான். ஆனால் ஸ்டேஷனுக்கு 14 நிமிட நடை. மணிக்கு இரண்டே வண்டி என்பதால் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். இறங்கியதும் டியூபுக்கு, அதாவது லண்டன் மெட்ரோ ரயிலுக்கு, மாற வேண்டும், அதிலிருந்து இறங்கி மறுபடி நடக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை ஒன்றரை மணி நேரம். ஒரு நிமிடம் தவறவிட்டால் அரை மணி நேரம் குளிரில் பிளாட்பாரத்தில் நிற்பேன்.

அதைக்கூடச் சமாளித்துவிட்டேன். வேலைக்குப் போகிறவனுக்கு ஆபீஸ் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது, மத்தியானம் வெளியே போய் ஏதாவது சாப்பிடலாம். வீட்டில் இருப்பவருக்கு அந்த நாலு தெருதான் லண்டன். கறிவேப்பிலை வாங்க இரண்டு பஸ் மாற வேண்டிய ஊரில், பிள்ளையின் தள்ளுவண்டியோடு, நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒருவர் எப்படிப் பொழுதைப் போக்குவார் என்று நான் கணக்குப் போடவே இல்லை. அதனால் நீங்கள் எந்தப் பட்டியல் போட்டாலும், அதில் முதல் கையெழுத்து தினமும் ரயில் ஏறாத ஆளுடையதாக இருக்கட்டும். தனி ஆளாக வருகிறீர்கள் என்றால் இந்தக் கவலை இல்லை. ஆபீசுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

வந்ததும் நிரந்தரமாக வீடு பிடித்துவிடாதீர்கள். ஜோன் (ரயில் கட்டண மண்டலம்) 3 அல்லது 4-இல் எங்காவது ஒரு மாதம் அறையோ குறுகிய கால வாடகையோ எடுத்துத் தங்கிக்கொண்டு தேடுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் தெரியாத ஊரில் மாட்டிக்கொள்வதை விட மலிவு.

இனி ஏரியாக்கள். லண்டனில் ஊர்ப் பெயரை விட அது எந்த ரயில் தடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். ஆபீசுக்கு நேராகப் போகும் தடம் எது, அதிகபட்சம் ஒரே ஒரு மாற்றத்தில் போகும் தடம் எது என்று முதலில் பார்த்துவிட்டு, அந்தத் தடத்தின் மேல் இருக்கும் ஊர்களை மட்டும் தேடுங்கள்.

வடமேற்கே ஹாரோ, ரெய்னர்ஸ் லேன், சவுத் ஹாரோ, வெம்ப்ளி. சவுத் ஹாரோவின் நார்த்தோல்ட் ரோட்டில் நடந்தால் நிறையக் கடைப் பலகை தமிழில் இருக்கும். பெரும்பாலும் ஈழத்தமிழர் கடைகள். ஹாரோ ஆன் த ஹில் ஸ்டேஷனின் பலம் மெட்ரோபாலிட்டன் தடம். காலை நேர ஃபாஸ்ட் வண்டி அங்கே கிளம்பினால் அடுத்து ஃபின்ச்லி ரோட்டில்தான் நிற்கும். கிழக்கு லண்டனின் ஆபீஸ் பகுதியான கேனரி வார்ஃபில் வேலை பார்ப்பவர்கள் ஃபின்ச்லி ரோட்டில் இறங்கி எதிர்ப் பக்கத்துப் பிளாட்பாரத்திலேயே ஜூபிலி தடத்து வண்டியைப் பிடித்துவிடலாம், படி ஏறி இறங்க வேண்டியதில்லை. வெம்ப்ளி பார்க் ஸ்டேஷன் பக்கம் பார்ப்பவர்கள் மட்டும் ஸ்டேடியத்தில் ஆட்டமோ கச்சேரியோ இருக்கும் நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அன்றைக்குக் காரை நிறுத்தவும் முடியாது, ஸ்டேஷனுக்குள் நுழையவும் பாடாக இருக்கும்.

கிழக்கே ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், இல்ஃபோர்ட். புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் முதலில் இறங்குவது ஈஸ்ட் ஹாமில்தான். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இட்லி மாவு, மல்லிகைப் பூ, வெற்றிலை, நகைக்கடை, மகாலட்சுமி கோயில், கொஞ்ச தூரத்தில் முருகன் கோயில் என்று எல்லாம் நடக்கும் தொலைவில். நெரிசலும் அதே அளவு. ஒரு வீட்டை நாலு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுக்கிற இடங்களும் உண்டு. போய்ப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். 2022-இல் திறந்த எலிசபெத் லைன் ரயில் தடம், இல்ஃபோர்ட், மேனர் பார்க் இரண்டின் தலையெழுத்தையும் மாற்றிவிட்டது. இல்ஃபோர்டிலிருந்து மத்திய லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் ஏறத்தாழ இருபது நிமிடம், கேனரி வார்ஃப் என்றால் ஒயிட்சாப்பலில் ஒரு மாற்றம்.

தெற்கே டூட்டிங், காலியர்ஸ் வுட், மார்டன், மிட்சம். டூட்டிங் சாப்பாட்டுக்காகவே அங்கே குடிபோனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் டூட்டிங் பிராட்வேயில் காலை எட்டு மணிக்கு நார்தர்ன் லைனில் ஏறுவது பல்லவன் பஸ் புட்போர்டு அனுபவம். மார்டனில் வண்டி காலியாகக் கிளம்புகிறது, உட்கார்ந்துகொண்டு போகலாம். இது எல்லாத் தடத்துக்கும் பொருந்துகிற சூட்சுமம்: வண்டி புறப்படும் ஸ்டேஷனில் வீடு பாருங்கள். ஜூபிலிக்கு ஸ்டான்மோர், நார்தர்னுக்கு மார்டன். ஸ்டான்மோரில் உட்கார்ந்தவர் கேனரி வார்ஃபில்தான் எழுந்திருப்பார். மிட்சமில் டியூப் கிடையாது, டிராமையும் ரயிலையும் பஸ்ஸையும் நம்ப வேண்டும். வாடகை கொஞ்சம் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேற்கே, ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹவுன்ஸ்லோவைப் பார்க்கிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை, விமானம். மேற்கே இருந்து காற்றடிக்கும் நாட்களில் ஹீத்ரோவில் விமானம் இறங்கும் ஓடுபாதையை மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றுவார்கள். நீங்கள் காலையில் வீடு பார்க்கப் போனபோது நிசப்தமாக இருந்த தெரு, மூன்று மணிக்கு மேல் வேறு தெருவாக இருக்கலாம். இரண்டு நேரத்திலும் போய்ப் பாருங்கள்.

ரயில் செலவு: லண்டனில் ஜோன் 1 முதல் 9 வரை. வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் பீக் கட்டணம். ஸ்டேஷன் கேட்டில் ஒரே கார்டையோ ஒரே போனையோ வாரம் முழுக்கத் தட்டினால் திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் எடுக்காது. போகும்போது போன், வரும்போது கார்டு என்று மாற்றித் தட்டினால் இரண்டு ஆட்கள் என்று கணக்காகி, வரம்பும் தப்பிப்போகும். வாரம் இரண்டு மூன்று நாள்தான் ஆபீஸ் என்றால் மாத, வருட டிக்கெட் பக்கமே போகாதீர்கள், தட்டிக்கொண்டே போங்கள். ஸ்லவ் மாதிரி எல்லைக்கு வெளியே போகிறவர்கள் கவனிக்க: எலிசபெத் லைனில் மேற்கே வெஸ்ட் டிரேட்டனைத் தாண்டினால் ஆய்ஸ்டர் (லண்டன் பயண அட்டை) செல்லாது, பேங்க் கார்டுதான்.

வெள்ளி, சனி இரவு முழுக்க ஓடும் நைட் டியூப், மெட்ரோபாலிட்டனிலும் டிஸ்ட்ரிக்டிலும் கிடையாது. பிக்கடில்லியில் உண்டு, ஆனால் சவுத் ஹாரோ கிளைக்கு இல்லை. நள்ளிரவு ஷிஃப்ட் உள்ளவர்கள், குறிப்பாக நர்ஸ் வேலைக்கு வருகிறவர்கள், டியூப் மேப்பை மூடிவிட்டு நைட் பஸ் தடத்தைப் பாருங்கள்.

பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம்தான் ஊரை முடிவு செய்யும். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இடம் குறைந்தால் வீட்டிலிருந்து தூரத்தை அளப்பார்கள், அதுவும் நேர்க்கோட்டில். இருநூறு மீட்டரில் இடம் தவறிப்போன வீடுகள் உண்டு. செப்டம்பரில் ரிசப்ஷன் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) சேர முந்தைய ஜனவரி 15 கடைசி நாள். ஏழாம் வகுப்புக்கு அதற்கு முந்தைய அக்டோபர் 31. வருஷ நடுவில் வந்தால் எங்கே காலியிடம் இருக்கிறது என்று கவுன்சிலை (உள்ளாட்சி அலுவலகம்) கேட்டுவிட்டு வீடு பிடியுங்கள், வீடு பிடித்துவிட்டுக் கேட்காதீர்கள். லெவன் பிளஸ் (கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வு) எழுத வைக்கும் எண்ணம் இருந்தால் சட்டன், கிங்ஸ்டன், ரெட்பிரிட்ஜ், ஸ்லவ் பக்கங்களில் கிராமர் பள்ளிகள் உண்டு. ஹாரோவிலும் நியூஹாமிலும் கிடையாது. நாலு வயதுப் பிள்ளைக்காக இப்போதே சட்டனுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அதற்கு ஆறேழு வருஷம் இருக்கிறது, அதற்குள் எத்தனை வேலை மாறுமோ.

சவுத் ஹாரோவில் ஒரு மளிகைக் கடை அண்ணைதான் இதை எனக்கு முதலில் சொன்னவர். நான் வெண்டைக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "இங்கேருந்து ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம்ண்ணே?" என்று கேட்டேன். "தம்பி, நீங்கள் ஸ்டேஷனுக்கு ஒருக்கா போய் ஒருக்கா வருவியள். அவ பிள்ளையை விட, எடுக்க எண்டு பள்ளிக்கூடத்துக்கு நாலுதரம் நடக்க வேணும். அதைக் கேளுங்கோ" என்றார்.

வாடகை விஷயத்தில் பழைய ஆட்களின் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "ஆறு மாச வாடகையை மொத்தமாகக் கட்டு, உடனே வீடு தருவான்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆனால் இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் புதிய ஒப்பந்தங்களில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டி வாங்கக் கூடாது. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஏலம் கேட்கவும் கூடாது. டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகையைத் தாண்டாது, வீட்டைப் பிடித்து வைக்கும் பணம் ஒரு வாரம்தான். டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் போட்டு உங்களுக்குச் சான்று தர வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத புதியவரிடம் ஜாமீன்தாரர் கேட்பார்கள். ஆபீஸ் நியமனக் கடிதத்தைத் தயாராக வைத்திருங்கள். வாடகைக்கு மேல் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) வேறு. ஏ முதல் ஹெச் வரை பிரிவு, ஒரே பிரிவுக்கு ஒவ்வொரு பரோவிலும் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி) ஒவ்வொரு தொகை. தெருவின் இந்தப் பக்கம் ஒரு பரோ, அந்தப் பக்கம் இன்னொன்று என்றால் வித்தியாசம் கையைக் கடிக்கும்.

கார் வாங்கும் யோசனை இருந்தால், 2023 ஆகஸ்ட் முதல் லண்டன் பரோக்கள் எல்லாமே யூலெஸ் (அதிகப் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் மண்டலம்) எல்லைக்குள் வந்துவிட்டன. பழைய டீசல் காரை மலிவாக இருக்கிறதென்று வாங்காதீர்கள், எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு.

வீடு பார்க்கப் போகும்போது ஜன்னல் ஓரத்தையும் அலமாரிப் பின்சுவரையும் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தாலும், புதுப் பெயின்ட் வாசம் அந்த ஒரு மூலையில் மட்டும் வந்தாலும், பூஞ்சை என்று சந்தேகப்படுங்கள். அடுப்புக்கு மேல் இருக்கும் ஃபேன் புகையை வெளியே தள்ளுகிறதா, அறைக்குள்ளேயே சுற்றி விடுகிறதா என்று போட்டுப் பாருங்கள். கடுகு தாளிக்கும்போதெல்லாம் ஸ்மோக் அலாரம் அலறி, குழந்தை எழுந்து, துண்டை எடுத்து விசிறி, அதெல்லாம் நாங்கள் பட்டாயிற்று. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அந்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் போய் நில்லுங்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அன்றைக்கு நிறையப் பேருக்கு வீட்டிலிருந்து வேலை. செவ்வாய் முதல் வியாழன் வரை வருகிற கூட்டம்தான் உங்கள் கூட்டம்.

இரண்டாவது வீடு தேடியபோது எட்டு வீடு பார்த்தோம். ரெய்னர்ஸ் லேன் பக்கத்தில் ஒன்றில், ஏஜென்ட் பையன் என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தான்: ஸ்டேஷன் ஏழு நிமிடம், இரண்டு டியூப் தடம், பிராட்பேண்ட் வேகம். மனைவி சமையலறையில் நின்றுகொண்டு, வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. போனில் திசைகாட்டியைத் திறந்து, ஜன்னலுக்கு நேரே நீட்டிப் பிடித்து, "சவுத்" என்றான். முந்தைய வீட்டை விட வாடகை கூடுதல்தான், அன்றைக்கே எடுத்துவிட்டோம். டிசம்பரில் வானம் தெளிந்திருந்தால் பதினோரு மணிக்கு அடுப்பு மேடை வரைக்கும் வெயில் வருகிறது.