வைமார் கோதே சங்கத்துக்குள்ள நுழையறது எப்படி, நுழைஞ்சு என்ன பண்றது

ஜெர்மன் பி2 லெவல் தாண்டியாச்சு, ஜெர்மன் கவி கோதேயோட ஃபாவுஸ்ட் நாடகத்த வாங்கி வச்சு முதல் இருபது பக்கத்துலயே நின்னு போச்சு, இல்ல ஜெர்மனிக்கு படிக்கவோ வேலைக்கோ போயி அந்த ஊர் ஆளுங்களோட ஆஃபீஸ் பேச்சைத் தவிர வேற எதுவும் பேச வழியில்லாம இருக்கீங்க, அப்படின்னா இது உங்களுக்குத்தான்.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துக்கலாம். கோதே இன்ஸ்டிட்யூட் வேற, கோதே கெசெல்ஷாஃப்ட் வேற. நம்ம சென்னைல மாக்ஸ் முல்லர் பவன்னு சொல்றோமே அது இன்ஸ்டிட்யூட், 1951ல ஆரம்பிச்சது, மொழி கத்துக்குடுக்கறது, பரீட்சை வைக்கறது எல்லாம் அவங்க. கெசெல்ஷாஃப்ட்ங்கறது 1885 ஜூன்ல, கோதே வாழ்ந்த வைமார் ஊர்ல ஆரம்பிச்ச இலக்கிய சங்கம், இவங்ககிட்ட போயி ஏ1 கிளாஸ் எப்போன்னு கேக்காதீங்க. (அந்த பேருக்குரிய சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லருக்கும் இதுல ஒரு பங்கு உண்டு, 1886ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச இங்கிலீஷ் கோதே சொசைட்டிக்கு முதல் தலைவர் அவர்தான்.)

சங்கம் ஏன் 1885ல வந்துச்சுன்னு தெரிஞ்சா இவங்க என்ன வேலை செய்றாங்கன்னு தானா புரிஞ்சிடும். கோதேயோட கடைசி பேரன் வால்டர் அந்த வருஷம் ஏப்ரல்ல செத்துப்போனார், வாரிசு கிடையாது, கோதே எழுதின காகிதம் எல்லாத்தையும் உயில்ல அந்த ஊர் மகாராணி ஸோஃபிக்கு எழுதி வச்சுட்டார், வீடும் சேகரிப்பும் அரசாங்கத்துக்கு போச்சு. அதுவரைக்கும் குடும்பம் யாரையும் கிட்ட விடாம பூட்டி வச்சிருந்த சரக்கு ஒரே நாள்ல வெளிய வந்துச்சு, ரெண்டே மாசத்துல சங்கம் கூடிடுச்சு. மகாராணி ஆரம்பிச்சு வச்ச கோதே முழுத்தொகுப்பு 1887ல இருந்து 1919 வரைக்கும் 143 வால்யூமா வந்துச்சு, இல்ம் ஆத்தங்கரை மேட்டுல 1896ல ஆவணக் காப்பகத்துக்கு தனி கட்டடமும் வந்துச்சு. சங்கத்தோட முதல் தலைவர் யாருன்னு பாத்தா இலக்கிய புரொஃபசர் இல்ல, எடுவார்ட் ஃபான் ஸிம்ஸன்னு ஒரு ஜட்ஜ், ஜெர்மனியோட உச்ச கோர்ட்டுக்கு தலைமை நீதிபதியா இருந்தவர். இத எதுக்கு சொல்றேன்னா, "நான் ஐடில இருக்கேன், நான் நர்ஸு, எனக்கு அங்க என்ன வேலை"ன்னு நம்மாளுங்க தயங்கறாங்க, அந்த தயக்கம் வேண்டாம், ஆரம்பத்துல இருந்தே இது வாசகர்களும் சேர்ந்து நடத்தற சங்கம்தான்.

எங்க ஆரம்பிக்கணும்? எடுத்த எடுப்புல வைமாருக்கு ஓடாதீங்க. ஜெர்மனி முழுக்க இவங்களுக்கு உள்ளூர் சங்கங்கள் இருக்கு, ஓர்ட்ஸ்ஃபெரைனிகுங்னு சொல்லுவாங்க, உங்க ஊர் பேரையும் இந்த வார்த்தையையும் கோதேயையும் சேர்த்து தேடுங்க, பெரிய ஊரா இருந்தா அனேகமா கிடைச்சிடும். ஒண்ண ஞாபகம் வச்சுக்கோங்க, இதெல்லாம் தனித்தனி சங்கம், தனி சந்தா, உள்ளூர்ல சேர்ந்துட்டா வைமார் தாய்ச்சங்கத்துலயும் சேர்ந்துட்டோம்னு அர்த்தம் இல்ல. சேர்றதுக்கு முன்னாடி ஒரு மெயில் போடுங்க, நாலு வரி போதும், நான் இன்னார், இந்த ஊர்ல இருக்கேன், கோதே வாசிக்க ஆரம்பிச்சிருக்கேன், அடுத்த சொற்பொழிவுக்கு விருந்தாளியா வரலாமா, அவ்ளோதான். உங்க ஜெர்மன்ல ஆர்டிகிள் தப்பு இருந்தா இருந்துட்டு போகுது, சாட்ஜிபிடி கிட்ட குடுத்து பட்டு வேட்டி கட்டி அனுப்பினீங்கன்னா நேர்ல பேசறப்ப நீங்கதான் முழிப்பீங்க.

போனா என்ன இருக்கும்னா, பெரும்பாலும் மாசத்துக்கு ஒரு சொற்பொழிவு, வாசிப்பு வட்டம், வருஷத்துல ஒண்ணு ரெண்டு ஊர் சுத்தற டிரிப், ஆகஸ்ட் 28 கோதே பிறந்தநாள் கொண்டாட்டம். கூட்டத்துல முக்காவாசி தலை நரைச்சிருக்கும், ரிட்டயர்டு டீச்சர், டாக்டர், பாதிரியார்னு, இது குறை இல்ல, எனக்கு கேட்டா இதுதான் பெரிய லாபம், ஏன்னா இவங்களுக்கு நேரம் இருக்கு, உங்க கேள்விக்கு உக்காந்து பதில் சொல்லுவாங்க. டைமுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போங்க, எல்லாரையும் "ஸீ" (மரியாதையான "நீங்க") போட்டே பேசுங்க, சொற்பொழிவு முடிஞ்சதும் கேள்வி நேரத்துல முதல் ஆளா கை தூக்க வேண்டாம், ஆனா முடிஞ்சப்புறம் பக்கத்து ஹோட்டல்ல நாலஞ்சு பேர் உக்காருவாங்க, கூப்பிட்டா மறுக்காம போயிடுங்க. நெஜமான பேச்சு அங்கதான் நடக்கும். நம்ம பக்கத்துல இருந்து பேச எதுவும் இல்லையேன்னு நெனைக்காதீங்க, காளிதாசனோட சாகுந்தலம் ஃபோர்ஸ்டரோட ஜெர்மன் மொழிபெயர்ப்புல 1791ல வந்தப்ப கோதே அத கொண்டாடி நாலு வரி கவிதையே எழுதினார், ஃபாவுஸ்ட் ஆரம்பத்துல வர்ற நாடக மேடை முன்னுரைக்கு யோசனையே அந்த சமஸ்கிருத நாடகத்தோட முன்னுரைல இருந்துதான் வந்துச்சுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க. இத எடுத்து வச்சா அந்த டேபிள்ல அரை மணி நேரம் ஓடும்.

வாசிப்பு வட்டத்துக்கு போறீங்கன்னா கையில என்ன புக்கு? காசு செலவு பண்ணாதீங்க, ரெக்லாம் பதிப்பகத்தோட மஞ்ச புக்கு போதும். (அந்த சீரிஸ்ல நம்பர் 1ஏ ஃபாவுஸ்ட் முதல் பாகம்தான், 1867ல காப்பிரைட் முடிஞ்ச கையோட போட்டாங்க.) ஃபாவுஸ்ட்ட பக்க நம்பர் சொல்லி யாரும் பேச மாட்டாங்க, வரி நம்பர்தான், ரெண்டு பாகமும் சேர்த்து 12,111 வரி, எந்த பதிப்பா இருந்தாலும் எண் அதேதான். மத்த எழுத்துக்கு சுருக்கெழுத்து போடுவாங்க, வேஆ (WA)ன்னா அந்த 143 வால்யூம் வைமார் பதிப்பு, ஹாஆ (HA)ன்னா 14 வால்யூம் ஹாம்புர்க் பதிப்பு, எஃப்ஆ (FA)ன்னா ஃப்ராங்க்ஃபுர்ட் பதிப்பு. வைமார் பதிப்புல நாலு பிரிவு, இலக்கியம், அறிவியல், டைரி, கடிதம், ரோமன் எண் பாத்தா எதுன்னு தெரிஞ்சிடும். இத ஒரு துண்டு பேப்பர்ல எழுதி புக்குக்குள்ள வச்சுக்கோங்க, முதல் ரெண்டு மூணு கூட்டத்துக்கு காப்பாத்தும்.

பிடிச்சிருந்தா தாய்ச்சங்கத்துல சேருங்க, ஃபார்ம் அவங்க சைட்லயே இருக்கு, மாணவர்களுக்கு சந்தா கம்மி. சந்தாவுக்கு பதிலா வருஷா வருஷம் கோதே யார்புக்ங்கற ஆண்டிதழ் வீட்டுக்கு வரும், அந்த ஒண்ணுலயே குடுத்த காசு ஈடாயிடும். ஆனா முதல் பக்கத்துல இருந்து படிச்சீங்கன்னா மூணாவது கட்டுரைல தூக்கம் வந்துடும், அதனால பின்னாடி இருந்து வாங்க, முதல்ல புத்தக மதிப்புரை, அதுல எந்த சண்டை இப்ப ஓடிட்டு இருக்குன்னு தெரியும், அப்புறம் சங்கத்து நடப்பு, கடைசியா உங்களுக்கு பிடிச்ச ஒரே ஒரு கட்டுரை. பழைய இதழ்கள் ஆன்லைன்ல ஸ்கேன் பண்ணி கிடைக்குது, 1880ல இத ஆரம்பிச்சவர் லுட்விக் கைகர், சங்கத்தவிட அஞ்சு வருஷம் மூத்தது இதழ். கைகர் ஒரு யூதர். அவர் முப்பது வருஷத்துக்கு மேல கட்டி வளர்த்த இதழ தன்னோடதா வச்சிருந்த சங்கம், நாஜி காலத்துல 1938ல யூத உறுப்பினர்கள வெளிய தள்ளிடுச்சு. முப்பதுகள்ல வந்த இதழ்கள படிக்கறப்ப இத மனசுல வச்சு படிங்க, கோதே பேரு சொல்லி என்னென்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தா வயிறு எரியும்.

அடுத்தது வைமார். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ, ஒத்தப்படை வருஷத்துல, பெந்தெகொஸ்தே பண்டிகைய ஒட்டி ஹாவுப்ட்ஃபெர்சம்லுங் நடக்கும், பொதுக்குழுன்னு வச்சுக்கோங்க, ஆனா அது பேருக்குதான், கணக்கு வழக்கு ஒரு ஓரமா நடக்கும், மிச்ச நாளெல்லாம் கருத்தரங்கு. ஜெர்மனி ரெண்டு நாடா கிடந்தப்பவும் இந்த சங்கம் உடையாம ஒண்ணாவே இருந்துச்சு, மேற்குல இருந்து ஆளுங்க எல்லை தாண்டி இதுக்காக வைமாருக்கு வந்திருக்காங்க. இளம் ஆய்வாளர்களுக்குன்னு தனி அரங்கு இருக்கும், அத விடாதீங்க, பெரிய பேராசிரியர்கள் பேச்சவிட அங்க ஜெர்மன் புரியும்படியும் இருக்கும், விஷயமும் புதுசா இருக்கும். ரூம்ப மாசக்கணக்குல முன்னாடியே போட்டுடுங்க, வைமார் சின்ன ஊரு, அந்த வாரம் கிடைக்காது, கிடைக்கலன்னா எர்ஃபுர்ட்ல தங்குங்க, ரயில்ல கால் மணி நேரம்தான். நடுவுல நேரம் கிடைச்சா ஃப்ராவன்பிளான்ல கோதே வாழ்ந்த வீடு, அவரோட ஆத்தோர தோட்ட வீடு, அப்புறம் பேத்தோவன்பிளாட்ஸ்ல ரெண்டு கல் நாற்காலி எதிரெதிரா இருக்கும், கோதேக்கும் பாரசீக கவி ஹாஃபிஸுக்கும் வச்ச நினைவுச்சின்னம், அதையும் பாத்துடுங்க. திங்கக்கிழமைய நம்பி மியூசியம் பிளான் போடாதீங்க, பூட்டியிருக்கும்.

ஃப்ராங்க்ஃபுர்ட் பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. கோதே பொறந்த வீட்ட வச்சிருக்கறது வைமார் சங்கம் இல்ல, ஃப்ரையஸ் டாய்ச்சஸ் ஹோக்ஷ்டிஃப்ட்னு 1859ல ஆரம்பிச்ச இன்னொரு அமைப்பு. 1944 மார்ச் 22, கோதே செத்த அதே தேதில குண்டு விழுந்து வீடு தரைமட்டம், போர் முடிஞ்சு திரும்ப அப்படியே கட்டினாங்க. அவங்களுக்கும் உறுப்பினர் திட்டம், சொற்பொழிவு, தனி யார்புக் எல்லாம் உண்டு, ரெண்டுலயும் சேரலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

பிஎச்டி பண்றவங்களுக்கு கடைசியா ஒண்ணு. வெளிநாட்டு ஆய்வாளர்கள் வைமார்ல தங்கி காப்பகத்துலயும் அன்னா அமாலியா லைப்ரரிலயும் வேலை பாக்க சங்கமே உதவித்தொகை குடுக்குது, முன்னாள் தலைவர் வெர்னர் கெல்லர் பேர்ல. அப்ளிகேஷன்ல "கோதேயும் இந்தியாவும்"னு பொதுவா எழுதி அனுப்பாதீங்க, வைமார்ல மட்டும் பாக்கக்கூடிய எந்த கையெழுத்துப் பிரதி, எந்த புக்கு உங்களுக்கு வேணும்னு கேட்லாக்ல தேடிப்பாத்து எண்ணோட எழுதுங்க, நாலு மாச வேலைய ரெண்டு மாசத்துல முடிக்கறேன்னு கதை விடாம வார வாரமா திட்டம் குடுங்க.