புது ஜிஎம்முக்கு மார்க் போடுவது எப்படி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் கெடு பிப்ரவரியில் கிழக்கு அமெரிக்க நேரம் பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது. சென்னையில் அப்போது நள்ளிரவு தாண்டி 1.30. விடிந்ததும் நந்தனம் ஒய்எம்சிஏ கோர்ட்டில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: "செம டிரேட்டுடா", இல்லையென்றால் "டீமையே வித்துட்டான்". இந்த அவசரத்தில் பெரும்பாலும் பெயர் பெற்ற வீரர் எந்தப் பக்கம் போனார் என்பது மட்டும்தான் பார்க்கப்படுகிறது. ஒரு ஜெனரல் மேனேஜரை (ஜிஎம்), அதாவது வீரர்களை வாங்கி விற்று அணியைக் கட்டுபவரை, நியாயமாக எடை போட நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு முடிவையும் அது நடந்த தேதியோடு, அன்று தெரிந்த விவரங்களை மட்டும் வைத்து எழுதுங்கள். பிறகு நடந்ததைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். இரண்டையும் கலக்கவே கூடாது.

முதல் பக்கம்: கைக்கு வந்த சொத்தும் கடனும்

பதவியேற்ற நாளில் அணியின் நிலவரத்தை எழுதுங்கள். 15 பேர் கொண்ட முழு ஒப்பந்தப் பட்டியல், அதற்கு மேல் மூன்று டூ-வே வீரர்கள் (துணை லீக்கிலும் ஆடுபவர்கள்). ஒவ்வொருவருக்கும் வயது, சம்பளம், எத்தனை வருடம் பாக்கி, கடைசி வருடத்தில் விலகும் உரிமை அணிக்கா வீரருக்கா. அடுத்து, புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் வருங்கால முதல் ரவுண்டு பிக்குகளில் (தேர்வு உரிமைகளில்) எவை கையில் இருக்கின்றன, எவை ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டன. டிரேடு செய்ய அனுமதி ஏழு வருடம் வரைதான் என்பதால் ஏழு கட்டம் போட்டால் போதும்.

இந்தப் பக்கம் இல்லாவிட்டால் பழியும் புகழும் தவறான ஆளுக்குப் போய்விடும். ஃபிலடெல்ஃபியாவில் சாம் ஹின்கி இருந்த மூன்று சீசன்களில் அணியின் வெற்றி 19, 18, 10. அவர் 2014இல் மூன்றாவது பிக்கில் எடுத்த ஜோயல் எம்பீட் காயத்தால் இரண்டு சீசன் முழுவதும் ஆடவில்லை. ஹின்கி 2016 ஏப்ரலில் விலகினார். அந்த அக்டோபரில்தான் எம்பீட் முதல் ஆட்டம் ஆடினார். தோல்விகள் ஒருவர் கணக்கில், பலன் அடுத்தவர் கணக்கில்.

லேக்கர்ஸ் உதாரணம் இன்னும் சிக்கலானது. 2016 கோடையில் சாலரி கேப் (அணியின் மொத்தச் சம்பள வரம்பு) ஏழு கோடி டாலரிலிருந்து 9.41 கோடிக்கு எகிறியது. கையில் பணம் இருந்ததால் பழைய நிர்வாகம் டிமோஃபே மோஸ்கோவுக்கு நான்கு வருடத்துக்கு 6.4 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. 2017 தொடக்கத்தில் மேஜிக் ஜான்சனும் ராப் பெலிங்காவும் நிர்வாகத்துக்கு வந்தார்கள். அந்த ஒப்பந்தத்தைத் தலையிலிருந்து இறக்க, 2015இல் இரண்டாவது பிக்கில் எடுத்த டி'ஆஞ்சலோ ரஸ்ஸலையும் சேர்த்து புரூக்ளினுக்கு அனுப்பினார்கள். வந்தது புரூக் லோபஸும் 27ஆவது பிக்கும். 2019இல் ரஸ்ஸல் ஆல்-ஸ்டார் ஆனார். நோட்டில் இதை இரண்டு வரியாகப் பிரிக்க வேண்டும். மோஸ்கோவ் ஒப்பந்தம் பழையவர் பிழை. அதிலிருந்து வெளியேற ரஸ்ஸல் என்ற விலை கொடுத்தது புதியவர் முடிவு. அப்படிக் கேப்பில் காலியான இடம் எதற்குப் பயன்பட்டது என்பதும் புதியவர் கணக்குதான்: 2018 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ் வந்தார்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்: உண்மையில் முடிவெடுப்பவர் யார்? பல அணிகளில் ஜிஎம்முக்கு மேலே பிரசிடென்ட் ஆஃப் பாஸ்கெட்பால் ஆபரேஷன்ஸ் என்று ஒருவர் இருப்பார். அவருக்கும் மேலே உரிமையாளர். மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் வரும் டாக்ஸைக் கட்ட உரிமையாளர் தயாராக இல்லை என்றால் அதற்கு ஜிஎம்மைத் திட்டி என்ன பயன்?

பணக் கோடுகள்

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இங்கேதான் இடறும். 2025 மெகா ஏலத்தில் சிஎஸ்கே உட்பட எல்லா அணிக்கும் 120 கோடி ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கிடையாது. என்பிஏவின் கேப் அப்படி இறுகியது இல்லை. சொந்த வீரரை மறுபடி ஒப்பந்தம் செய்ய பேர்ட் உரிமை என்ற வழியில் கேப்பைத் தாண்டலாம். தாண்டத் தாண்டத்தான் கதவுகள் ஒவ்வொன்றாக மூடும்.

2025-26 சீசனுக்கான கோடுகள் இவை: கேப் 15.46 கோடி டாலர், லக்ஸரி டாக்ஸ் 18.79 கோடி, அதற்கு மேலே கட்டுப்பாடுகள் இறுகும் முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாவது ஏப்ரன் 20.78 கோடி. முதல் ஏப்ரனைத் தாண்டிய அணி டிரேடில் கொடுக்கும் சம்பளத்தைவிட அதிகச் சம்பளம் வாங்க முடியாது. இரண்டாவதையும் தாண்டினால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது, டிரேடில் பணம் சேர்த்துக் கொடுக்க முடியாது, ஏழு வருடம் தள்ளியிருக்கும் முதல் ரவுண்டு பிக் முடக்கப்படும். "நம்ம ரெண்டு பேரைக் கொடுத்து ஒரு ஸ்டாரை வாங்கலாமே" என்று கோர்ட்டில் போடப்படும் திட்டங்களில் பாதி இந்த இடத்திலேயே செத்துவிடும்.

2025 கோடையில் பாஸ்டன் செய்தது இதற்கு நல்ல பாடம். 2024இல் கோப்பை வென்ற அணி. 2025 மே மாதம் ஜேசன் டேட்டமுக்கு அக்கிலீஸ் தசைநார் கிழிந்தது. பிறகு ஜ்ரூ ஹாலிடேயை போர்ட்லாந்துக்கும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பினார்கள். ஆட்டத் திறமையை மட்டும் பார்த்தால் நஷ்டம்தான். 35 வயது ஹாலிடேக்கு இன்னும் மூன்று வருடம், பத்துக் கோடி டாலருக்கு மேல் பாக்கி. அவருக்கு மாற்றாக வந்த ஆன்ஃபர்னி சைமன்ஸுக்கு ஒரே வருடம்தான் பாக்கி. அணி இரண்டாவது ஏப்ரனுக்குக் கீழே இறங்கியது. அந்த டிரேடில் வாங்கிய பொருளே அதுதான், நோட்டிலும் அதைத்தான் எழுத வேண்டும்.

சம்பளத்தை டாலரில் ஒப்பிடாதீர்கள், கேப்பில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மூன்று கோடி டாலர் 2016-17இல் கேப்பில் 32 சதவீதம். 2025-26இல் 19 சதவீதம்தான். "இவனுக்கு மூணு கோடியா!" என்று வாயைப் பிளக்கும் முன் இந்த ஒரு வகுத்தலைப் போடுங்கள்.

ஒரு டிரேடை எழுதும் முறை

ஒவ்வொரு டிரேடுக்கும் ஒரு முழுப் பக்கம். இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. வீரர் என்றால் வயது, பாக்கி வருடம், கேப் சதவீதம். பிக் என்றால் எந்த வருடம், யாருடையது, பாதுகாப்பு உண்டா. "டாப்-4 புரொடெக்டட்" என்றால் அந்தப் பிக் முதல் நான்கு இடத்துக்குள் விழுந்தால் பழைய அணியிடமே தங்கிவிடும். இந்தச் சொல்லைக் கவனிக்காமல் "நாலு ஃபர்ஸ்ட் ரவுண்டு வாங்கிட்டான்" என்று எண்ணிக்கை மட்டும் சொல்வது பயனற்றது. அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்கு முதல் ரவுண்டு பிக்கே இல்லாதபடி விற்கக் கூடாது என்ற ஸ்டெபியன் விதியும் உண்டு. அதனால்தான் பல டிரேடுகளில் ஒன்றுவிட்டு ஒரு வருடம் பிக்கும், நடுவில் ஸ்வாப்பும் (இரு அணிகளின் பிக்கில் நல்லதை எடுத்துக்கொள்ளும் உரிமை) வருகின்றன.

பக்கத்தின் அடியில் இரண்டு கேள்வி: அன்றைக்கு வேறு என்ன வழி இருந்தது? எதிர்ப்பக்கம் ஏன் ஒப்புக்கொண்டது?

2019 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டியின் சாம் பிரெஸ்டி, பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்கு அனுப்பியதை எழுதிப் பாருங்கள். வந்தது ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டானிலோ கல்லினாரி, ஐந்து முதல் ரவுண்டு பிக், இரண்டு ஸ்வாப். கிளிப்பர்ஸ் ஏன் இவ்வளவு கொடுத்தது? ஜார்ஜ் வந்தால்தான் கவாய் லெனார்டும் வருவார் என்ற நிலை. இரண்டு ஸ்டார்களுக்கான விலையை ஒரே ஆளுக்கு வாங்கியதுதான் பிரெஸ்டியின் கெட்டிக்காரத்தனம், அது அன்றைக்கே தெரிந்தது. ஷே அப்போது ஒரே சீசன் ஆடியவர். எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) ஆவார் என்று அன்று எழுதியிருக்க முடியாது. அந்தப் பிக்குகளில் ஒன்று 2022இல் 12ஆவது இடத்தில் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. அணியின் வெற்றிகள் 2020-21இலிருந்து வரிசையாக 22, 24, 40, 57, 68, 2025இல் கோப்பை. 24இல் நின்றபோது மார்க் போட்டவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

மறுபக்கம், 2025 பிப்ரவரியில் டாலஸின் நிகோ ஹாரிசன் லூகா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. போனவர் வயது 25. முக்கியமாக வந்தது 31 வயது ஆன்டனி டேவிஸ், மாக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் ஒரே ஒரு முதல் ரவுண்டு பிக். ஏலம் விடாமல் கமுக்கமாக முடித்த பேரம். டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார், அடுத்த மாதம் கைரி இர்விங்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. இவை துரதிர்ஷ்டம், தனிப் பத்திக்குப் போக வேண்டியவை. அவை இல்லாவிட்டாலும் அன்றைய பக்கத்தில் விலை குறைவு என்பது அப்படியே நிற்கும். அதேபோல் டிராஃப்ட்டில் முதல் பிக் யாருக்கு என்று முடிவு செய்யும் லாட்டரி 1.8 சதவீத வாய்ப்பில் விழுந்து கூப்பர் ஃபிளாக் கிடைத்ததற்கு ஹாரிசனுக்கு மார்க் கிடையாது. அதே ஹாரிசன் 2024 பிப்ரவரியில் பி.ஜே. வாஷிங்டனையும் டேனியல் காஃபர்டையும் கொண்டுவந்து அணி அந்த வருடம் இறுதிச் சுற்று வரை போனது. அந்த மார்க்கைக் கோபத்தில் அழிக்கக் கூடாது. அவர் 2025 நவம்பரில் நீக்கப்பட்டார்.

டிராஃப்ட்டில் நாம் அடிக்கடி செய்யும் அநியாயம், பின்னால் எடுக்கப்பட்ட ஒரு ஸ்டாரைக் காட்டி "இவனை விட்டுட்டானே" என்பது. நிகோலா யோகிச் 2014இல் 41ஆவது பிக். அவரை எடுத்த டென்வரே அதற்கு முன் யூசுஃப் நூர்கிச்சையும் கேரி ஹாரிஸையும் எடுத்திருந்தது. ஒரு பிக்கை எடை போட, அவருக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட ஐந்தைந்து பேரோடு மூன்றாவது சீசன் முடிவில் ஒப்பிடுங்கள். முதல் ரவுண்டு வீரருக்கு ஒப்பந்த நீட்டிப்பு கொடுக்கலாமா என்று அணியே முடிவு செய்யத் தொடங்குவது அப்போதுதான்.

கோர்ட்டில் எதைப் பார்ப்பது

கிழக்கில் இரவு 7 மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்குக் காலை 5.30. மேற்குக் கரை ஆட்டம் 9 மணிக்குத் தொடங்கும், ஆபீஸ் நேரம். அதனால் மேற்கு அணி ரசிகர்கள் ஹைலைட்ஸை நம்புகிறார்கள். ஹைலைட்ஸில் விழுந்த பந்து மட்டும்தான் இருக்கும், தற்காப்பு இருக்கவே இருக்காது. வாரம் ஒரு ஆட்டத்தில் ஒரு கால் பகுதி, 12 நிமிடம், புதிதாக வந்த வீரர் ஒருவரை மட்டும் பந்து இல்லாதபோது பாருங்கள். மூலையில் அவர் நிற்கும்போது அவரைக் காவல் காப்பவர் அவரை விட்டுவிட்டு உள்ளே உதவிக்குப் போகிறாரா? போனால், அவருடைய மூன்று புள்ளி ஷாட்டை எதிரணி மதிக்கவில்லை. ஷாட் எழும்பியதும் இவர் தன் ஆளை முதுகால் தடுக்கிறாரா, பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாரா? எந்த ஐந்து பேரோடு இறக்குகிறார்கள்? ஜிஎம் ஒரு வேலைக்கு வாங்கிய ஆளைக் கோச் வேறு வேலைக்குப் பயன்படுத்துவதுண்டு. அப்படியானால் பிழை வாங்கியதில் இல்லை, இருவரும் பேசிக்கொள்ளாததில்.

எண்களில், சராசரிப் புள்ளிகளை விட்டுவிட்டு 100 பொசஷனுக்கு (பந்து கையில் இருக்கும் ஒரு வாய்ப்பு) எத்தனை என்று பாருங்கள். பொசஷன் என்பது எடுத்த ஷாட், அதோடு ஃப்ரீ த்ரோவை 0.44ஆல் பெருக்கியது, அதோடு டர்ன்ஓவர் (எதிரணியிடம் பந்தை இழந்தது); மொத்தத்தில், தன் அணி தவறவிட்ட ஷாட்டைத் தானே மறுபடி பிடித்த ரீபவுண்டைக் கழிக்க வேண்டும். 88 ஷாட், 22 ஃப்ரீ த்ரோ, 13 டர்ன்ஓவர், 10 ரீபவுண்ட் என்றால் 100.7 பொசஷன், 115 புள்ளி எடுத்திருந்தால் 100க்கு 114.2. எதிரணிக்கும் இதே கணக்கைப் போட்டுக் கழித்தால் நெட் ரேட்டிங். டிரேடுக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்து எழுதலாம். ஆனால் 20 ஆட்டத்துக்குள் தீர்ப்பு வேண்டாம். எதிரணியின் மூன்று புள்ளி சதவீதம் அந்த அளவில் பெரும்பாலும் அதிர்ஷ்டம்; தற்காப்பு திடீரென்று சீரானது போலவும் கெட்டது போலவும் காட்டுவது அதுதான்.

நோட்டைத் திறக்க வேண்டிய நாட்கள்: ஜூன் டிராஃப்ட்; ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் சந்தைக்கு வரும் ஃப்ரீ ஏஜென்ஸி தொடங்கும் ஜூலை 1, நமக்கு அதிகாலை 3.30; கோடையில் ஒப்பந்தமான பலரை டிரேடு செய்ய அனுமதி வரும் டிசம்பர் 15, பிப்ரவரிக் கெடு, 82 ஆட்டமும் முடியும் ஏப்ரல். டாக்ஸ் கணக்கு சீசனின் கடைசி நாள் பட்டியலை வைத்துத்தான் என்பதால், பிப்ரவரியில் ஒரு ஓரத்து வீரரைச் சும்மா தள்ளிவிட்டால் திட்டுவதற்கு முன் மொத்தச் சம்பளம் எந்தக் கோட்டுக்கு அருகில் இருந்தது என்று பாருங்கள். முதல் ஏப்ரலில் ஒப்பந்தங்களுக்கும் சிறு டிரேடுகளுக்கும் மட்டும் மார்க் போடுங்கள். டிராஃப்ட் கட்டத்தை மூன்றாவது ஏப்ரல் வரை காலியாகவே விடுங்கள். தொலைதூரப் பிக்குகளுக்கு அந்தந்த வருடத்தைப் பென்சிலில் எழுதி வையுங்கள்.