எல்லா ஜாப்பையும் ஒன்றாக ஏற்றாதீர்கள்: லெவலிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைன் ரோல்-பிளே விளையாட்டுகளில் கியரை (கவசம், ஆயுதம்) ரிப்பேர் செய்ய மறப்பது, லெவலுக்கு மீறிய இடத்தில் போய்ச் சாவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு முறை செத்தால் தானாகப் புத்தி வந்துவிடும். பல வாரம் விளையாடிய பிறகும் கண்ணில் படாத தவறுகள்தான் ஆபத்து.

எல்லா ஜாப்பையும் சமமாக ஏற்றுவது

ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் ஒரே கேரக்டர் எல்லா ஜாப்களையும், அதாவது தொழில்களையும், கற்றுக்கொள்ளலாம். உடனே புதியவர்கள் ஐந்தாறு ஜாப்களைத் திறந்து, எல்லாம் 30, பிறகு எல்லாம் 40 என்று வரிசை கட்டி ஏற்றுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். கணக்குப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

அந்த விளையாட்டில் ஆர்மரி போனஸ் என்று ஒன்று உண்டு. உங்களிடம் இருப்பதிலேயே உயர்ந்த ஜாப்பைவிடக் கீழே இருக்கும் ஜாப்பில் மான்ஸ்டரைக் கொன்றால் கூடுதல் எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) கிடைக்கும். கடைசிக் கட்ட லெவல்களில் அது 50%, அதற்குக் கீழே முழு 100%. அதாவது 1000 எக்ஸ்பி தரும் மான்ஸ்டர் 2000 தரும். ஐந்து ஜாப்பும் 40-இல் நின்றால் இந்த போனஸ் எதற்குமே இல்லை. ஒன்று 41-க்குப் போனால் மற்ற நான்குக்கும் ஒரே ஒரு லெவலுக்கு மட்டும் வேலை செய்து, எட்டிப்பிடித்ததும் நின்றுவிடும். அதே டஞ்சன் (குழுவாக நுழையும் சண்டைக்களம்), அதே அரை மணி நேரம், பாதி வரவு.

நஷ்டம் அதோடு முடிவதில்லை. சாமுராய், ரெட் மேஜ் 50-இலும், டான்சர், கன்பிரேக்கர் 60-இலும், ரீப்பர், சேஜ் 70-இலும், வைப்பர், பிக்டோமான்சர் 80-இலும்தான் தொடங்குகின்றன. ஏதாவது ஒரு சண்டை ஜாப் அந்த லெவலைத் தொட்டிருந்தால்தான் இவற்றைத் திறக்க முடியும். ஒன்றை மேலே கொண்டுபோனவருக்கு 80 லெவல் சும்மா கிடைக்கிறது. சமமாக ஏற்றுபவர் 40-இல் நின்று வேடிக்கை பார்க்கிறார்.

சரியான வழி இதுதான்: கதை குவெஸ்ட் முழுவதையும் ஒரே ஜாப்பில் முடியுங்கள். குவெஸ்ட் எக்ஸ்பிக்கு ஆர்மரி போனஸ் கிடையாது. ஆகவே அதை உயர்ந்த ஜாப்புக்குக் கொடுப்பதில் இழப்பில்லை. அந்த ஜாப் கதையைவிட இரண்டு மூன்று லெவல் முந்திவிட்டால், அன்றன்றைய ரூலட்டுகளை (விளையாட்டே தேர்ந்தெடுக்கும் டஞ்சனுக்குப் போனால் கூடுதல் எக்ஸ்பி தருபவை) இரண்டாவது ஜாப்புக்குத் திருப்புங்கள். மூன்றாவதைத் தொடாதீர்கள். முதல் ஜாப் உச்சத்தைத் தொட்டபின் மீதி எல்லாம் போனஸோடு ஏறும்.

கியர் பகிரும் ஜாப்களைச் சிதறவிடுவது

நான்கு டேங்குகளும் (அடியைத் தாங்கும் ஜாப்கள்) ஒரே கவசத்தைப் போடலாம், ஆயுதம் மட்டும்தான் வேறு. ஹீலர்களும் (குணமாக்கும் ஜாப்கள்) அப்படியே. பார்ட், மெக்கனிஸ்ட், டான்சர் ஒரு கூட்டம். ஒரு கூட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பையும் நிரம்பாது, கில்லும் (விளையாட்டுப் பணம்) மிச்சம். சம்மனர், ஸ்காலர் இரண்டுக்கும் லெவலே பொது. ஒன்றை ஏற்றினால் மற்றதும் ஏறிவிடும். ஆனால் ஸ்காலரின் ஜாப் குவெஸ்டுகளைத் தனியாகச் செய்யாமல் ஹீலராக டஞ்சனில் நுழைந்தால் பாதி ஸ்கில் இருக்காது. கூட வருபவர்கள் பாவம்.

உச்சம் தொட்ட ஜாப்பில் ரூலட் போடுவது

எக்ஸ்பி காற்றில் போகிறது.

டிபிஎஸ் க்யூவில் சும்மா நிற்பது

டேங்குக்கும் ஹீலருக்கும் சீக்கிரம் ஆள் சேரும், டிபிஎஸ் (அடித்துச் சேதம் தரும் ஜாப்கள்) காத்திருக்கத்தான் வேண்டும். க்யூவில் இருக்கும்போது ஜாப் மாற்றவும் முடியும். அதனால் காத்திருக்கும் நேரத்தில் வெளியே ஃபேட் (திறந்தவெளியில் தோன்றும் பொதுச் சண்டை) அடியுங்கள். லெவல் 17 முதல் 60 வரை பேலஸ் ஆஃப் த டெட் என்ற டஞ்சன் இருக்கிறது. அங்கே எந்த ரோல் என்று பார்த்துச் சேர்ப்பதில்லை, அதனால் டிபிஎஸ்ஸுக்குத் தனி வரிசை இல்லை.

சாப்பிடாமல் சண்டைக்குப் போவது

எந்த உணவும் 30 நிமிடத்துக்கு 3% கூடுதல் எக்ஸ்பி தரும். மலிவானதே போதும்.

ரெஸ்டட் எக்ஸ்பியை வீணாக்குவது

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கிளாஸுக்கு (இங்கே ஜாப் போன்றது) ஒரு ஆல்ட் (தனிக் கேரக்டர்) வேண்டும், ஆகவே கணக்கு வேறு. விடுதியிலோ நகரத்திலோ லாக் அவுட் செய்தால் 8 மணி நேரத்துக்கு ஒரு லெவலில் 5% ரெஸ்டட் எக்ஸ்பியாகச் சேரும். காட்டில் விட்டால் வேகம் நான்கில் ஒரு பங்கு. உச்சவரம்பு ஒன்றரை லெவல், அதாவது பத்து நாள். அதற்குமேல் தூங்கும் ஆல்ட் எதையும் சம்பாதிப்பதில்லை. இந்த எக்ஸ்பி குவெஸ்டை ஒப்படைக்கும்போது செலவாவதுமில்லை, கூடுவதுமில்லை. மான்ஸ்டரைக் கொல்லும்போதுதான் இரட்டிப்பாகும். எனவே ரெஸ்டட் எக்ஸ்பியைக் காட்டும் நீலக் கோடு நிறைந்த ஆல்ட்டை டஞ்சனுக்கு அனுப்புங்கள், தீர்ந்ததை விடுதியில் விட்டு அடுத்ததை எடுங்கள்.