இளங்கோழிகளைக் கூட்டில் அடையப் பழக்குவது எப்படி?

தாய்க்கோழி பொரித்த குஞ்சுகளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டாம். பொழுது சாய்ந்ததும் தாய் உள்ளே போகும், குஞ்சுகள் பின்னாலேயே போகும். பாடு எல்லாம் இன்குபேட்டர் குஞ்சுகளோடுதான். வத்தலக்குண்டிலிருந்து வண்டியில் ஏற்றிவந்து விற்கிறார்களே, அவை. கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் ஊர் பண்ணைக்காட்டில் வீடுகளைச் சுற்றிக் காப்பித் தோட்டம். பழக்காமல் திறந்துவிட்டால் சாயங்காலம் காப்பிச்செடிக்குள் நுழைந்து, எது கிடைக்கிறதோ அந்தக் கிளையில் அடைந்துவிடும். மரநாய்க்கு அதைவிட என்ன வசதி வேண்டும்?

அவசரப்பட்டுக் கூட்டுக்கு மாற்றாதீர்கள். முதல் வாரம் பல்பு சூடு 32 முதல் 35 டிகிரி வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். உடம்பு முழுக்க இறகு மூட 6 வாரம் ஆகும். மார்கழி, தை குளிரென்றால் 8 வாரம்வரை பொறுங்கள்.

மாற்றியதும் கதவைச் சாத்திவிடுங்கள். ஒரு வாரம், முடிந்தால் 10 நாள், வெளியே விடவே கூடாது. தீனி, தண்ணீர் எல்லாம் உள்ளேயே. "பாவம்மா, வாயில்லா ஜீவன், செத்த நேரம் தொறந்துவிடேன்" என்று என் மாமியார் ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் காதில் வாங்குவதில்லை. எங்கே தூங்கி எங்கே விழிக்கிறதோ அதுதான் கோழிக்கு வீடு. அந்த நினைப்பு ஊறுவதற்குத்தான் இந்த அடைப்பு.

அடைத்து வைத்திருக்கும்போதே கூப்பிடும் குரலையும் பழக்கிவிடலாம். பழைய பவுடர் டப்பாவில் கம்பு தானியத்தைப் போட்டுக் குலுக்கி "பா... பா..." என்று கூப்பிட்டுவிட்டுத்தான் நான் தீனியே வைப்பேன். வீட்டில் யார் தீனி வைத்தாலும் அதே டப்பா, அதே குரல்.

முதல்முறை திறப்பது சாயங்காலம்தான், இருட்ட ஒரு மணி நேரம் இருக்கும்போது. அன்று மதியத் தீனியைக் குறைத்துவிடுங்கள். வயிறு நிறைந்த கோழி டப்பா சத்தத்தைச் சட்டை பண்ணாது. உள்ளே கம்பை இறைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். எல்லாம் அடைந்தபின் ஒன்றிரண்டின் நெஞ்சுக்கு வலப்பக்கம் தடவிப் பாருங்கள். இரைப்பை எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தால் ராத்திரி பசியில்லை. பிறகு நாளுக்கு நாள் சற்று முன்னதாகத் திறந்துகொண்டே போகலாம்.

நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள். மேற்கே மலை மறைக்கும் சரிவுகளில், கீழே சமவெளியில் வெயில் அடிக்கும்போதே நிழல் விழுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மஞ்சு இறங்கினால் 4 மணிக்கே மங்கல்தான்.

பலர் கவனிக்காதது கூட்டுக்குள் இருக்கும் வெளிச்சத்தை. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. அதனாலேயே இருட்டான பொந்துக்குள் நுழையப் பயப்படும். அந்தி நேரத்தில் வாசல் பக்கம் நின்று பாருங்கள். முன்னால் வருவது ஒரு காலைப் பலகையில் வைக்கும், கழுத்தை நீட்டும், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்க்கும். கும்மிருட்டென்றால் காலை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும், மற்றவையும் அதன் பின்னாலேயே கலைந்துவிடும். உடனே நாம் "கோழிக்குப் பிடிவாதம்" என்போம்! கூரையில் ஒரு தகட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஷீட் போடுங்கள், அல்லது உள்ளே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். எல்லாம் அடையும் கம்பில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் அணைக்க வேண்டும். முன்னாலேயே அணைத்தால் தரையிலேயே குவிந்து கிடக்கும்.

அடையும் கம்புக்கு, கவாத்தில் விழும் சில்வர் ஓக் கிளை அருமையானது. 2 அங்குலக் கனம் இருக்கட்டும். மூங்கில் வழுக்கும். சின்னதுகளுக்கு ஒரு அடி உயரத்தில் ஒன்று, அதற்கு மேலே இன்னொன்று. முட்டையிடும் பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதிலேயே படுத்து அசிங்கம் பண்ணிவைக்கும்.

எப்படிப் பழக்கினாலும் இரண்டொன்று செடியில் அடையும். துரத்தாதீர்கள். துரத்தினால் கூடு என்றாலே மிரளும். நன்றாக இருட்டட்டும். டார்ச்சை விரலால் பாதி மூடிக்கொண்டு போய், நெஞ்சுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிக் கம்பில் வையுங்கள். தொடர்ந்து சில ராத்திரி செய்தால் தானாக வரும். ஒரே கோழி திரும்பத் திரும்ப வெளியே நின்றால் வாசலைப் பாருங்கள். பெரிய பெட்டை ஏதாவது உள்ளிருந்து கொத்தி விரட்டிக்கொண்டிருக்கும். நான் அதற்காகவே இன்னொரு சின்ன வாசல் வெட்டிவிட்டேன்.

எத்தனை கோழி என்று எண்ணிப் பார்க்காமல் கதவைச் சாத்தாதீர்கள். சாதாரணக் கோழிவலைக்குப் பதில் அரை அங்குல வெல்டு மெஷ் அடியுங்கள். சின்ன இடுக்கு போதும், கீரி நுழைந்துவிடும்.

நன்றாகப் பழகின கோழிகள் திடீரென்று மொத்தமாக வெளியே அடைந்தால், பாம்பு வந்துபோயிருக்கலாம், அல்லது செள்ளு என்கிற ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி விழுந்திருக்கும். செள்ளு பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி ஏறிக் கடிக்கும். இருட்டியபின் வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கறை இருந்தால் மறுநாளே கம்பைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் போட்டு, கூட்டின் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு மாட்டுங்கள்.