வீட்டில் அடி வாங்கி வரும் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கவனிப்பது எப்படி?

செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிப் பரிசோதனை நாள். பிபி பார்க்க ஒரு பெண்ணின் ஜாக்கெட் கையை ஏற்றினேன். மேல்கையில் நான்கு விரல் பதிந்த மாதிரி நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் மாமியார் நிற்கிறார் என்று யோசிக்காமல், "யாரும்மா அடிச்சது?" என்று கேட்டுவிட்டேன். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சிஸ்டர்." அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. கேட்டதில் தப்பில்லை, கேட்ட இடம்தான் தப்பு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்களும் டாக்டர்களும் அதே தப்பைச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். நம் ஓபி வரிசையிலும் அவர்கள் தினமும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1. அவள் வருவதற்கு முன்பே

181 (பெண்கள் உதவி எண்), 1098 (குழந்தைகளுக்கு), 112 (அவசரம்), மாவட்டத்து 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம், சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர். இந்த எண்களை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஒரு முறை போன் செய்து, யார் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவசர கருத்தடை மாத்திரை, காயத்துக்குப் போடும் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி கையிருப்பு பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்பதையும் விசாரித்து வையுங்கள்.

2. தனியாக இரண்டு நிமிடம்

இது நடக்காவிட்டால் மற்ற எதுவும் நடக்காது. கூட வந்தவரைச் சந்தேகம் வராமல் வெளியே அனுப்ப ஒரே வழி, எல்லாருக்கும் ஒரே விதி. "வயிறு பார்க்கணும், கூட வந்தவங்க வெளிய இருங்க" என்று ஒவ்வொரு கர்ப்பிணியின் குடும்பத்திடமும் சொல்லிப் பழக்குங்கள். எடை பார்க்கும் இடம், யூரின் டெஸ்ட்டுக்கு அனுப்பும் நேரம் எல்லாமே வாய்ப்புதான். இன்னொன்று, ஊழியர்களில் பலர் அதே ஊர்க்காரர்கள். அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

3. கேட்பது

வருகிற எல்லாரிடமும் கேட்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்தவில்லை. அறிகுறி இருந்தால் கட்டாயம் கேளுங்கள்: சொல்லும் கதையோடு பொருந்தாத காயம், நாள் கழித்துக் காட்ட வருவது, தீராத தலைவலி, தூக்கமின்மை, அடிக்கடி அடிவயிற்று வலி. சாணிப் பவுடரோ அரளி விதையோ தின்று வந்தவளிடம் வயிற்றைச் சுத்தம் செய்வதோடு நம் வேலை முடிவதில்லை.

"இந்த மாதிரி காயத்தோட வர்றவங்க நிறைய பேருக்கு வீட்டுல பிரச்சினை இருக்கும். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்காம்மா?" இப்படித் தொடங்கலாம். "விருப்பம் இல்லாதப்ப கட்டாயப்படுத்துறாரா?" என்றும் கேளுங்கள். கணவன் செய்தாலும் பாலியல் கொடுமை 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வரும். எதையெல்லாம் நீங்கள் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பதை அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அவளுக்கு அது துரோகமாகப் படும்.

அவள் சொன்னால் முழுதாகக் கேளுங்கள். "சொன்னது நல்லதும்மா, இது உங்க தப்பில்ல." இவ்வளவு போதும். "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" வேண்டவே வேண்டாம். புருஷனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்கிறேன் என்றும் கிளம்பாதீர்கள். நாம் நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அன்று ராத்திரி அந்த வீட்டில் மாட்டிக்கொள்பவள் அவள்.

4. உயிருக்கு ஆபத்தா?

அடி அடிக்கடியாகிவிட்டதா? ஆயுதம் காட்டி மிரட்டினாரா? கழுத்தை நெரித்தாரா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா? எப்போதும் சந்தேகப்படுகிறாரா? கொன்றுவிடுவார் என்று நினைக்கிறாளா? மூன்றுக்கோ அதற்கு மேலோ ஆமாம் என்றால் ஆபத்து பக்கத்தில் இருக்கிறது. அன்றே வீட்டுக்கு அனுப்பாமல் சகி மையத்தோடு பேசுங்கள், தற்காலிகமாகத் தங்க இடம் உண்டு.

கழுத்தை நெரித்திருந்தால் தனிக் கவனம் வேண்டும். தழும்பே இல்லாமலும் இருக்கலாம். குரல் கம்மல், விழுங்க வலி, கண்ணில் ரத்தப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். வீக்கம் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கலாம். 108-ஐ அழைத்து அரசு தலைமை மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

5. பாலியல் வன்முறை என்றால்

முதலில் சிகிச்சை. எஃப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்கக்கூடாது. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 397-ஆவது பிரிவின்படி அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகப் பார்க்க வேண்டும், போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். மறுப்பது குற்றம். புகார் வேண்டாம், பரிசோதனை வேண்டாம் என்று அவள் சொன்னால் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, சிகிச்சையைத் தொடருங்கள்.

மணிக்கணக்கு முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் கொடுக்க வேண்டும். அவசர கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம் வரை இருக்கிறது, ஆனாலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தடய மாதிரிகள் எடுக்க 96 மணி நேரம். போட்டிருந்த துணியை துவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, காகித உறையில் வையுங்கள். இரண்டு விரல் பரிசோதனையை (உடலுறவுக்குப் பழகியவளா என்று பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்ப்பதை) யார் கேட்டாலும் செய்யாதீர்கள். செய்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கை வரும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். போலீசுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, குடும்பம் வேண்டாம் என்றாலும்.

6. எழுதுவது

"கணவர் பெல்ட்டால் அடித்ததாகச் சொல்கிறார்" என்று அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள். காயத்தின் இடம், அளவு, நிறம் எல்லாம் வேண்டும். ஏ.ஆர். பதிவேட்டில் (காயத்தோடு வருபவர்களைப் பதியும் விபத்துப் பதிவேடு) 'கீழே விழுந்தார்' என்று சுருக்கிவிட்டால், நாளை கோர்ட்டில் அவள் கையில் ஒன்றுமே இருக்காது. மருத்துவ அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும், ஆனால் எங்கே பத்திரமாக வைப்பாள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அவள் வீட்டுக்கு எடுத்துப் போகும் ஓபி சீட்டில் இதில் எதையும் எழுதாதீர்கள். அதைக் கணவன் வாங்கிப் படிப்பான்.

7. திரும்ப வரவழைப்பது

அன்றைக்கே எதையும் முடிவு செய்யச் சொல்லாதீர்கள். 181 மூன்றே இலக்கம், மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். போன் செய்ய விரும்பினால் நம் போனிலேயே பேசட்டும். அப்புறம், இரும்புச்சத்து மாத்திரையை ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல் ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள். "மாத்திரை தீர்ந்துடுச்சு, வாங்கிட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை அவளால் கிளம்பி வர முடியும்.